தறியடியில் ஆங்கிலம் ஏன்?

கேள்வி: பிள்ளையார்பாளையத்தை அடுத்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்களை ஐவர் அறுவராகப் பிரித்து, தாங்களே ஒரு சிறு நாடகத்தை ஆங்கிலத்தில் புனைந்து நடிக்கும்படி சொன்னேன். எல்லாக் குழுவினரும் தறிக்காரர் வீட்டுக் கதையையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எழுதி வைத்ததை ஒப்பிக்கிறார்களே தவிரப் பேசுவதில்லை. குழுவுக்கு ஒரு பிள்ளை முழங்க, மற்றவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். "தாத்தாவும் பேரனும் தறியடியில் இங்கிலீஷ் பேசுவாங்களா, டீச்சர்?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்துவிட்டது. இம்முயற்சியை விட்டுவிடலாமா?
— ஓர் ஆசிரியை, காஞ்சிபுரம்

பதில்: விட வேண்டியதில்லை. அந்த மாணவனைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். நாடகம் எழுதப் புகுகிற எவரும் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை அவன் கேட்டிருக்கிறான். கதைக்குள் ஆங்கிலம் பேசவேண்டிய அவசியம் பிறக்காதவரையில், பிள்ளைகள் அதை ஒப்பிக்கத்தான் செய்வார்கள்.

இதற்கு உபாயம் தேடித் தாங்கள் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், இந்த நகரத்து வீதியையே களமாகக் கொண்டு, 'மத்தவிலாசம்' என்னும் ஓரங்கப் பிரஹசனத்தை இயற்றினான். கபாலி ஒருவனும் அவன் துணைவி தேவசோமையும் மதுமயக்கத்தில் திரிகையில், பிக்ஷைக்கு உரிய கபாலம் காணாமற் போகிறது. அவ்வழியே, தன் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு வந்த நாகசேனன் என்ற பௌத்த பிக்ஷுவின் மீது பழி விழுகிறது. வழக்கைத் தீர்க்க வந்த பாசுபதனாலும் அது தீராமற்போக, கடைசியில் பித்தன் ஒருவன், நாயிடமிருந்து பிடுங்கிய அந்தக் கபாலத்தை ஏந்தி வந்து சேர்கிறான். ஒரு பொருள் தொலைகிறது, ஒருவர் மேல் ஐயம், நடுவர் ஒருவர், எதிர்பாராத இடத்தில் விடுதலை: ஐந்தாறு பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த கட்டுக்கோப்பை நான் அறியேன். (மதுக்கடை சமாசாரத்தை மட்டும் பெற்றோரிடம் பிரஸ்தாபிக்காதிருப்பது நலம்.) இதில் தங்களுக்கு வேண்டிய நுட்பம் இன்னொன்று உண்டு. கபாலியும் பாசுபதனும் ஸம்ஸ்கிருதம் பேச, தேவசோமையும் பிக்ஷுவும் பித்தனும் பிராகிருதத்தில் பேசுகிறார்கள். எல்லாரும் ஒரே பாஷை பேசியாக வேண்டும் என்று பல்லவ மன்னனே நினைக்கவில்லை. தாங்கள் ஏன் நினைக்க வேண்டும்?

ஆகவே தாத்தாவையும் பேரனையும் தமிழிலேயே இரண்டு வார்த்தை பேச விடுங்கள். பிறகு, காந்தி ரோட்டுக் கடையொன்றில் புடைவை பார்க்க வந்து, வழிதவறித் தறிவீட்டுக்குள் நுழைந்துவிட்ட, தமிழே தெரியாத வெளிநாட்டு யாத்திரிகர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். அந்தக் கணமே ஜரிகைக் கட்டு ஒன்று காணாமற் போகட்டும். பழி அவர்மேல் விழட்டும். இனி ஆங்கிலம் பேசாமல் யாரும் தப்ப முடியாது. அவரும் தம் பங்குக்கு, உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயிருக்கும் இந்தக் கோர்வைச் சேலை எப்படி உருவாகிறது என்று கேட்டு வைப்பார். இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடுவதையும், தறியில் ஒருவருக்கு இருவராய் உட்கார்ந்து கரையை உடலோடு கோப்பதையும், அகராதி துணைக்கு வராத நிலையில், தனக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது ஆங்கிலச் சொற்களைக்கொண்டு கைகாட்டி விளக்கப் பாடுபடும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, அன்றுதான் அந்த பாஷையை உண்மையில் பேசும். நெசவு விஷயத்தில் தங்களைக் காட்டிலும் அதற்கு அதிகம் தெரியும் என்பதும் அதற்கு ஒரு தைரியம்.

குழுவில் முழங்குகிற பிள்ளைக்கு அந்த யாத்திரிகர் வேஷத்தையே கொடுத்து, கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசலாகாது என்று நிபந்தனை விதியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் வேறொருவர் வாய் திறந்தாக வேண்டும். வாயே திறவாத பிள்ளையைப் பித்தனாக்குங்கள். வசனம் ஒன்றே ஒன்று, ஆனால் ஜரிகைக் கட்டு அதன் கையில் இருக்கிறது, அது வராமல் நாடகம் முடியாது.

ஒப்பிக்கும் வழக்கத்துக்கு மருந்து நம் கட்டைக்கூத்தில் இருக்கிறது. காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில், 1990இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தார் 2002இல் குருகுலம் தொடங்கி, பள்ளிப்படிப்போடு கூத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். கூத்தில் பாட்டு வரையறுக்கப்பட்டது. இடையே வரும் வசனமோ பெரும்பாலும் அந்தந்த நேரத்தில் நடிகன் வாயில் பிறப்பது. கோமாளியாக வரும் கட்டியக்காரன் சபையைப் பார்த்துப் பேசுவதெல்லாம் இந்த வகைதான். அவ்வாறே, கதை திரும்புகிற நாலைந்து வாக்கியங்களை மட்டும் எழுதிப் பாடம் பண்ணச் சொல்லி, மற்றதை எழுதவே விடாதீர்கள். முதலில் தமிழிலோ, ஊமைக்கூத்தாகவோ ஒருமுறை ஆடிப் பார்க்கட்டும். சம்பவம் கால்களில் படிந்த பிறகு வார்த்தை வரும்.

நடிக்கும்போது இலக்கணப் பிழை காதில் விழும். தாங்கள் அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாமே ஒழிய, குறுக்கிட்டால் அன்றோடு அந்தப் பிள்ளை மௌன விரதம் பூண்டுவிடும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நாடகம் போகவேண்டாம். ஒருமுறை ஆடி முடித்ததும் வேஷங்களை மாற்றிக்கொடுத்து, கேட்டவர் பதில் சொல்லவும் பதில் சொன்னவர் கேட்கவுமாக மறுநாள் மீண்டும் ஆடச்செய்து, அந்த இரண்டாவது ஆட்டத்துக்கு மாத்திரம் மதிப்பெண் இடுங்கள்.