மழைக்காட்டுக்கு எது குறை?

கேள்வி: தண்ணீரும் வெப்பமும் தாராளமாக உள்ள அமேசான் காட்டில் செடிகொடிகளின் வளர்ச்சியை எது தடுக்கிறது?
– வாசகி, கூடலூர்

பதில்: வெளிச்சத்தை மறைக்கும் மேகம்தான்! தண்ணீர், சூடு, வெளிச்சம் மூன்றில் எது பற்றாக்குறையோ, அதுதான் வளர்ச்சிக்குக் கடிவாளம். ராமகிருஷ்ண நேமானி குழுவினர் 2003-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பூமியின் தாவரப் பரப்பில் 40 சதவீதத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடும், 33 சதவீதத்தில் குளிரும், 27 சதவீதத்தில் வெளிச்சக் குறைவும்தான் முதன்மைத் தடை.

1982 முதல் 1999 வரை உலகத் தாவர உற்பத்தி 6 சதவீதம் கூடியதாம். அந்த உயர்வில் 42 சதவீதம் அமேசான் காடுகளுடையது. அங்கே மேகம் குறைந்து வெயில் கூடியதே முக்கியக் காரணம் என்றார்கள். எனக்கு இதில் பெரிய வியப்பு, மரங்களின் சாமர்த்தியம். மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் மாதங்களில்தான் அங்கே பல மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கின்றன. ஆழத்து ஈரத்தை வேர் உறிஞ்சித் தர, புது இலை முழு வெயிலையும் வாங்கிக்கொள்கிறது. காட்டின் தரையிலுள்ள நாற்றுக்கோ, உச்சியில் விழும் வெளிச்சத்தில் ஓரிரு சதவீதம்தான் கிடைக்கும்.

அதற்காக, வெயில் கூடக் கூட நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். 2005, 2010 வறட்சிகளில் அதே அமேசானில் ஏராளமான மரங்கள் பட்டுப்போயின.