அக்டோபர் 2: ஒரே நாளில் பல நிகழ்ச்சிகள்

பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டத்தின்போது, அந்நாளில் முன்னர் நிகழ்ந்தவற்றை மாணவர் ஒருவர் வாசிப்பது வழக்கம். எட்டாம் வகுப்பில் பயிலும் என் பேரனுக்கு அம்முறை வந்தது. காந்தி ஜயந்தி விடுமுறை நாளாதலால், அதற்கு முந்திய நாளிலேயே வாசித்துவிடுமாறு ஆசிரியர் பணித்திருந்தார். அவனும் எங்கெங்கோ தேடி ஒரு பட்டியல் திரட்டிக்கொண்டு வந்தான். 1869இல் காந்தியடிகள் பிறப்பு. 1904இல் லால் பகதூர் சாஸ்திரி பிறப்பு. 1975இல் காமராசர் மறைவு. 1187இல் ஜெருசலேம் நகரம் சலாவுதீன் வசமாதல். 1968இல் மெக்சிகோ நகரில் மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. இவையனைத்தும் அக்டோபர் 2ஆம் நாளில் நிகழ்ந்தவை.

பட்டியலை வாசித்து முடித்தவன், "தாத்தா, காந்தி பிறந்த நாளிலேயே காமராசர் மறைந்தார் என்றால் அந்த நாளுக்கே ஏதோ ஆற்றல் இருக்கிறதா? இருந்தால் அதே நாளில் மெக்சிகோவில் எப்படிச் சுட்டார்கள்?" என்று வினவினான். நல்ல வினா. அதற்கு விடை கூறப் புகுந்து இரண்டு மாலைப் பொழுதுகள் கழிந்தன. அப்போது பேசியவற்றை நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படலாம் எனக் கருதி ஈண்டு எழுதுகிறேன்.

முதலில், "ஒரே நாள்" என்பது யாது? நாம் எண்ணுவதுபோல் அஃது அத்துணை எளிதன்று. ஸ்ரீ மகாவீரர் பிறந்த நாளை நாம் சைத்ர மாதத்து வளர்பிறைத் திரயோதசியில் கொண்டாடுகிறோம். அஃது ஓர் ஆண்டில் ஏப்ரல் தொடக்கத்திலும், மற்றோர் ஆண்டில் அம்மாதத்தின் மூன்றாம் வாரத்திலும் வருகிறது. தமிழ்க் கணக்கில் பார்த்தாலோ, சில ஆண்டுகளில் பங்குனியிலும் சில ஆண்டுகளில் சித்திரையிலும் விழுகிறது. நாள் மாறவில்லை, அதனை அளக்கும் கோல்தான் வேறு. திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவைக் கொண்டு கணிக்கப்படுவது. ஆங்கிலத் தேதி சூரியனை மட்டும் நோக்குவது. சந்திர மாதங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள்களே ஆகும். எஞ்சும் 11 நாள்களைச் சரிக்கட்டவே நம் பஞ்சாங்கத்தில் அவ்வப்போது அதிக மாதம் சேர்க்கின்றனர். இசுலாமிய நாள்காட்டியில் அவ்வாறு சேர்ப்பதில்லை. ஆகவே அவர்தம் நோன்பும் பெருநாளும் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகின்றன.

நாள் எப்பொழுது தொடங்குகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. நமக்குச் சூரியோதயம், ஆங்கில முறையில் நள்ளிரவு, இசுலாமிய முறையில் சூரியன் மறையும் வேளை. பாவாபுரியில் ஸ்ரீ வர்த்தமானர் வீடுபேறு எய்தியது வைகறையில். கௌதம கணதரர் கேவலஞானம் எய்தியதும் அதே நாளில் என்பது மரபு. சூரியோதயக் கணக்கில் வைகறை முந்திய நாளைச் சேர்ந்தது. நள்ளிரவுக் கணக்கில் அடுத்த நாளைச் சேர்ந்தது. தீபாவளி சதுர்த்தசிக்கு உரியதா அமாவாசைக்கு உரியதா என்று வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். அப்பேச்சில் பாதி இந்த எல்லைக்கோட்டைப் பற்றியதே.

காந்தியடிகளின் பிறந்த நாளுக்கும் இத்தகைய இரட்டைக் கணக்கு உண்டு. அவர் பிறந்தது குஜராத்தி முறைப்படி பாத்ரபத மாதத்துத் தேய்பிறைத் துவாதசி. அந்நாட்டில் அதனை "ரேண்டியா பாரஸ்", அதாவது இராட்டைத் துவாதசி என்று கொண்டாடுவர். தம் பிறந்த நாளைத் தம் பெயரால் அன்றி இராட்டையின் பெயரால் வழங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அத்திதி ஆண்டுதோறும் அக்டோபர் 2இல் வருவதில்லை. செப்டம்பரிலும் வரும், அக்டோபர் நடுவிலும் வரும். எனவே திதி பார்த்துக் கொண்டாடும் ஒருவருக்குக் காந்தியும் சாஸ்திரியும் ஒரே நாளில் பிறந்தவர் அல்லர்!

இனி, என் பேரனைப் பெரிதும் மயக்கிய செய்திக்கு வருவோம். காமராசர் பிறந்தது 1903 சூலை 15. மறைந்தது அக்டோபர் 2. சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமைக் கைப்பற்றியது 1099 சூலை 15. சலாவுதீன் அந்நகரை மீட்டது 1187 அக்டோபர் 2. விருதுநகரில் தோன்றிய பெருந்தலைவரின் பிறப்பும் இறப்பும், பல நூற்றாண்டுகளுக்கு முன் அயல்நாட்டு நகரம் ஒன்று வீழ்ந்த நாளோடும் மீண்ட நாளோடும் அப்படியே பொருந்துகின்றன. இதனை வைத்துக் கதை கட்ட முனைவார்க்குப் பஞ்சமிராது.

ஆனால் அந்தப் பழைய தேதிகள் ஜூலியன் நாள்காட்டிக்கு உரியவை. அதன்படி ஓர் ஆண்டு 365 நாளும் கால் நாளும். உண்மை ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. அந்தச் சிறு பிழை 400 ஆண்டில் மூன்று நாளாகப் பெருகியது. 1582இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி அதனைத் திருத்தியபோது, அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று ஆயிற்று. இங்கிலாந்து பிடிவாதமாக இருந்து 1752இல்தான் ஏற்றுக்கொண்டது. இப்போதைய கணக்கிற்கு மாற்றினால், 1099 சூலை 15 என்பது சூலை 21 ஆகும். 1187 அக்டோபர் 2 என்பது அக்டோபர் 9 ஆகும். பொருத்தம் எங்கே போயிற்று? ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23இல் ஒருங்கே மறைந்தனர் என்பதும் இவ்வகையினதே. ஸ்பெயின் புதிய முறையிலும் இங்கிலாந்து பழைய முறையிலும் இருந்தமையால் இடையில் பத்து நாள் கிடக்கிறது.

அஃதன்றி, தேதிகள் ஒத்துவருதல் நாம் நினைக்கும் அளவுக்கு அரியதுமன்று. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவருள் யாரேனும் இருவர்க்குப் பிறந்த நாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். நம்புதற்கு அரிதாகத் தோன்றும். ஆயின் 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 இணைகள் ஆகும் என்பதை நினைத்தால் விளங்கும். அடுத்த திருமணத்தில் பந்திக்கு அமர்ந்திருப்போரைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் கேட்டபின் பேரனின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் என் பட்டியல் வெறும் குப்பையா?" என்றான். அன்று. தானே வந்து பொருந்திய நாள் வேறு; மனிதர் தேர்ந்தெடுத்த நாள் வேறு. முன்னதற்குப் பொருள் இல்லை. பின்னதற்கு உண்டு.

ஜெருசலேமையே எடுத்துக்கொள்வோம். சலாவுதீன் அக்டோபர் 2 என்று அறிந்திலர். அவர்க்கு அந்நாள் ஹிஜ்ரி 583, ரஜப் 27, வெள்ளிக்கிழமை. நபிகள் விண்ணேற்றம் கண்ட நாளாக முஸ்லிம்கள் போற்றுவது. நகரத்தார் சரணடைந்தபின் அப்புனித நாளில் அவர் உள்ளே புகுந்தார். 88 ஆண்டுகளுக்கு முன் சிலுவை வீரர்கள் நகருக்குள் நுழைந்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்தனர். சலாவுதீன் அதற்குப் பழி வாங்கவில்லை. ஆணுக்குப் பத்துத் தினார், பெண்ணுக்கு ஐந்து தினார் என மீட்புப்பணம் பெற்று மக்களை வெளியேற விட்டார். செலுத்த இயலாத ஏழைகள் பலர் அடிமைகளாயினர் என்பதையும் மறைக்கலாகாது. நாம் கூறும் கொல்லாமை நோன்பிற்கு அஃது ஈடாகாது. எனினும் கொல்ல வல்லமை இருந்தும் கொல்லாது விட்ட நாள் அது.

காந்தியடிகள் 1948 சனவரி 30இல் கொல்லப்பட்டபின் வந்த முதல் பிறந்த நாளில், சென்னை மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு விரிவாக்கப்பட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் அரசு நடந்த காலம் அது. கள்ளுண்ணாமையை மூலகுணங்களுள் ஒன்றாகக் கொண்ட நம் இல்லங்களில் அந்நாளை எவ்வாறு வரவேற்றிருப்பர் என்று சொல்ல வேண்டுவதில்லை. 1971இல் அம்மதுவிலக்கு தளர்த்தப்பட்டது வேறு கதை. சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2இல் தொடங்கியது. இராஜஸ்தானத்து நாகௌரில் பஞ்சாயத்து ஆட்சியை நேரு 1959 அக்டோபர் 2இல் தொடங்கி வைத்தார். 2007 சூன் 15இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்நாளை அனைத்துலக அஹிம்சை நாளாக அறிவித்தது.

இவ்வரிசையில் நான் மிகவும் மதிப்பது, பேரனின் பட்டியலில் இடம்பெறாத ஒன்று. 1954 ஏப்ரல் 13 முதல் முதலமைச்சராக இருந்த காமராசர், மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று 1963இல் ஒரு திட்டம் கூறினார். பிறர்க்குக் கூறியதோடு நில்லாமல், தாமே பதவியை விட்டு விலகினார். அந்நாள் 1963 அக்டோபர் 2. பக்தவத்சலம் அவர்க்குப்பின் பொறுப்பேற்றார். அதே திட்டத்தின்படி மத்திய அமைச்சரவையிலிருந்து விலகியோருள் ஒருவர் லால் பகதூர் சாஸ்திரி. அடுத்த ஆண்டு மே 27இல் நேரு மறைந்தபோது காங்கிரசுத் தலைவராக இருந்தவர் காமராசர். அனைவரின் கருத்தையும் கேட்டறிந்து, சாஸ்திரியைப் பிரதமராக்குவதில் பெரும்பங்கு ஆற்றியவர் அவரே. காந்தியையும் சாஸ்திரியையும் காமராசரையும் ஓர் இழையில் கோத்தது பிறப்பும் இறப்பும் அன்று. பதவியைக் கையில் வைத்திருந்தவர் அதனைக் கீழே வைத்த அச்செயலே. பரிக்கிரகம் என்பது பொன்னும் நிலமும் மட்டுமன்று என்று நம் பெரியோர் உரைப்பதை இங்கு எண்ணிக்கொண்டேன்.

மெக்சிகோவைப் பற்றி அவன் மீண்டும் கேட்டான். 1968இல் அந்நாட்டில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்க இருந்தது அக்டோபர் 12இல். அதற்குப் பத்து நாள் முன்னர், திலாதெலோல்கோ என்னுமிடத்துச் சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களையும் பொதுமக்களையும் படையினர் சுட்டனர். இறந்தோர் சில பத்துப் பேர் என்றது அரசு. நூற்றுக்கணக்கினர் என்றனர் பிறர். அங்கே கட்டளையிட்டவர்கட்குக் காந்தி பிறந்த நாள் என்ற நினைவே இருந்திராது. நாள் அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்கும் கை நாளுக்கு ஏது? இன்றளவும் அந்நாட்டு இளைஞர்கள் ஆண்டுதோறும் அந்நாளில் ஊர்வலம் சென்று இறந்தோரை நினைக்கின்றனர். அதுவும் தேர்ந்தெடுத்த நாளே.

காந்தியடிகளே தம் கடைசிப் பிறந்த நாளை எங்ஙனம் கழித்தார் என்பதையும் சொன்னேன். 1947 அக்டோபர் 2, தில்லி. நாடு பிரிந்து குருதி வெள்ளம் ஓடிய காலம். உண்ணாமலும், வழிபாடு செய்தும், இராட்டையில் நூற்றும் அந்நாளைக் கழித்தார். வாழ்த்துக் கூற வந்தோரிடம், வாழ்த்தைவிட இரங்கல் கூறுவதே பொருந்தும் என்றார். 125 ஆண்டு வாழ வேண்டும் என்று முன்பு கொண்டிருந்த விருப்பம் தம்மை விட்டு அகன்றுவிட்டதென்றும் கூறினார்.

கன்னியாகுமரி சென்றோர் அங்குள்ள காந்தி மண்டபத்தைக் கண்டிருப்பர். 1948 பிப்ரவரியில் அவர்தம் அஸ்தியைக் கடலில் கரைக்குமுன் மக்கள் வணங்குதற்காக வைத்த இடத்தில், 1956இல் எழுப்பப்பட்டது அது. அக்டோபர் 2 நண்பகலில், மேற்கூரைத் துளை வழியே சூரிய ஒளி அவ்விடத்தின் மீது விழுமாறு அமைத்துள்ளனர். அன்று அங்கே நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 11, 12 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். வானநூல் அறிந்தோர் ஒன்று கூறுவர்: சூரியன் தெற்கே சென்று திரும்புகையில், அதே உயரத்தில் மீண்டும் ஒரு முறை நிற்கும், அது மார்ச் 11, 12ஆம் நாள்களில். 1930இல் காந்தியடிகள் தண்டி யாத்திரை புறப்பட்டது மார்ச் 12! இதைச் சொன்னதும் பேரன் துள்ளினான். உடனே தானாகவே, "இது தானாகப் பொருந்தியது, தாத்தா, கட்டினவர்கள் தேர்ந்தது அக்டோபர் 2 மட்டும்தான்" என்றான். நான் சொல்ல இருந்ததை அவனே சொல்லிவிட்டான்.

காமராசர் 1975இல் மறைந்தது சென்னை தியாகராயநகர், திருமலைப்பிள்ளை சாலை இல்லத்தில், பிற்பகலில். மறுநாள் கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே தகனம் செய்தனர். அவ்விடத்தை மட்டும் தேர்ந்தவர்கள் மனிதர்கள்.

இரவு பேரன் தன் பட்டியலைத் திருத்தி எழுதினான். ஜெருசலேமுக்கு நேரே "பழைய நாள்காட்டி" என்று குறித்தான். காமராசர் மறைவு என்ற வரியை அடிக்கவில்லை. அதற்கு மேலே, சற்றுப் பெரிய எழுத்தில், 1963 என்று தொடங்கும் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டான்.