செவ்விளக்கும் வலப்பக்கத் திருப்பமும்

சாலை எல்லார்க்கும் பொது. விரைந்து செல்லும் மோட்டார் வண்டிக்கும், மெல்ல நடந்து செல்லும் முதியவர்க்கும் அதில் உரிமை உண்டு. இவ்வுரிமைகள் ஒன்றோடொன்று மோதாதவாறு காப்பனவே சாலை விதிகள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கிளீவ்லாந்து நகரின் சந்தி ஒன்றில் 1914 ஆம் ஆண்டில் மின்சாரப் போக்குவரத்து விளக்கு நாட்டப்பட்டது. செவ்விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும், பச்சை விளக்கு எரிந்தால் செல்லலாம் என்பதை இன்று சிறு குழந்தையும் அறியும். ஆயினும் அதே அமெரிக்காவில், செவ்விளக்கு எரியும்போதே வலப்பக்கம் திரும்பிச் செல்லச் சட்டம் இடந்தருகின்றது. வியப்பூட்டும் இவ்விதி எவ்வாறு தோன்றியது? அதனால் விளைந்த நன்மை யாது? தீமை யாது? இவற்றை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறமாகவே செல்கின்றன. ஆதலின், வலப்பக்கம் திரும்புகின்ற வண்டி எதிர்வரும் வண்டிகளின் குறுக்கே போக வேண்டுவதில்லை. ஓரமாக வளைந்து பக்கத்துச் சாலையிற் சேர்ந்துவிடலாம். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதால், அங்கே வலப்பக்கத் திருப்பம் எத்தகையதோ, இங்கே இடப்பக்கத் திருப்பம் அத்தகையது. இவ்வெளிமை கருதியே அந்நாட்டார் இச்சலுகையை வழங்கினர். ஆனால், அது கட்டுப்பாடுகள் அற்ற சலுகை அன்று. ஓட்டுநர் முதலில் நிறுத்தக் கோட்டருகே வண்டியை முற்றும் நிறுத்த வேண்டும். நடந்து செல்வோர்க்கும், பச்சை விளக்குப் பெற்று வரும் வண்டிகளுக்கும் வழிவிட வேண்டும். அதன் பின்னரே திரும்பலாம். திரும்பலாகாது என்று பலகை நாட்டிய இடத்தில் பச்சை விளக்கு வரும்வரை காத்திருத்தல் கடமையாகும்.

கலிபோர்னியா முதலிய மேற்கு மாநிலங்களில் இவ்வழக்கம் முன்னரே வேரூன்றியிருந்தது. கிழக்கு மாநிலங்கள் பல இதனை ஏற்கத் தயங்கின. 1973 ஆம் ஆண்டில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களின் முன்னே வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. ஒரு துளி எரிபொருளும் வீணாகலாகாது என்னும் எண்ணம் எங்கும் பரவியது. வெற்றுச் சந்தியில் செவ்விளக்குக்காக நின்று, இயந்திரத்தை வீணே ஓடவிடுவானேன் என்று அறிஞர் வினவினர். 1975 ஆம் ஆண்டில் நடுவண் அரசு எரிபொருள் சேமிப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. சேமிப்புத் திட்டங்களுக்கு நடுவண் அரசின் பொருளுதவி பெற விரும்பும் மாநிலங்கள், பாதுகாப்புக்கு இயைந்த அளவில் இத்திருப்பத்தை அனுமதித்தல் வேண்டும் என்று அது விதித்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இணங்கின. இறுதியாக மாசசூசெட்ஸ் மாநிலம் 1980 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் இதனை நடைமுறைப்படுத்தியது.

பெட்ரோலும் காலமும் மிச்சமாயின. ஆனால், அவற்றிற்கு விலை கொடுத்தவர் யார்? திரும்ப எண்ணும் ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பச்சை விளக்குப் பெற்ற வண்டிகள் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருகின்றன. அவற்றிடையே இடைவெளி கிடைக்குமா என்று அவர் கண்கள் இடப்பக்கமே நோக்குகின்றன. அந்நேரத்தில் வலப்பக்கத்து நடைபாதையிலிருந்து ஒரு சிறுமி, தனக்குரிய விளக்கு எரியக் கண்டு, சாலையில் அடியெடுத்து வைக்கிறாள். இடப்பக்கம் பார்த்தவாறே ஓட்டுநர் வண்டியைச் செலுத்துகிறார்! குற்றமற்ற அச்சிறுமி அடிபட நேரிடுகிறது. வண்டிகளின் ஒலியையே துணையாகக் கொண்டு சாலையைக் கடக்கும் பார்வையற்றோர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது.

இஃது வெறுங் கற்பனை அன்று. 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று நியூயார்க், விஸ்கான்சின், ஒஹையோ மாநிலங்களை ஆராய்ந்தது. இவ்விதி வந்தபின், விளக்குள்ள சந்திகளில் வலப்பக்கம் திரும்பும் வண்டிகளால் நடந்து செல்வோர் அடிபடுவது நூற்றுக்கு 40க்கு மேல் உயர்ந்ததாக அது கண்டது. நாட்டின் மொத்த விபத்துகளோடு ஒப்பிட்டால் இவை சிறு பங்கே என்று 1995 ஆம் ஆண்டின் அரசு அறிக்கை கூறிற்று. அதுவும் உண்மையே. எனினும், அடிபட்டவரின் இல்லத்தார்க்கு அது சிறு பங்கு ஆகுமோ? மக்கள் நெருக்கம் மிகுந்த நியூயார்க் மாநகர் இதனை எண்ணியே, திரும்பலாம் என்று பலகை அறிவிக்கும் இடங்களில் அன்றி இத்திருப்பத்தைத் தடுத்து வைத்துள்ளது.

இவ்வரலாறு நமக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. சட்டம் ‘திரும்பலாம்’ என்கிறதேயன்றித் ‘திரும்பியே ஆக வேண்டும்’ என்று கூறவில்லை. பின்னே நிற்பவர் ஊதுகுழலை எத்துணை முறை ஒலித்தாலும், வழி தெளிவாகும்வரை நிற்க ஓட்டுநர்க்கு முழு உரிமை உண்டு. சலுகை என்பது பிறர் உரிமையைப் பறிக்கும் ஆயுதம் அன்று. சில நொடிகளை இழந்தால் மீண்டும் ஈட்டலாம். ஓர் உயிரை இழந்தால் ஈட்ட முடியுமோ? நாளை வண்டி ஓட்டப்போகும் இளைஞர் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சில் நிறுத்துவாராக.

வினாக்கள்

1. செவ்விளக்கு எரியும்போது வலப்பக்கம் திரும்ப விரும்பும் ஓட்டுநர் செய்ய வேண்டுவன யாவை?
2. எண்ணெய்த் தட்டுப்பாடு இவ்விதி பரவக் காரணமானது எவ்வாறு?
3. ‘திரும்பலாம்’ என்பதற்கும் ‘திரும்ப வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.