விருந்தாளியாக ஒரு நத்தார்
பிறநாட்டு வீட்டில் திருநாளைக் கழிப்போருக்குச் சில சிந்தனைகள்



1983ஆம் ஆண்டின் பின் எம் குடாநாட்டிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பலர். குருநகர், பாசையூர், இளவாலை, சில்லாலை, ஊர்காவற்றுறை என எந்தப் பங்கை எடுத்தாலும் கனடாவிலோ பிரான்சிலோ, ஜேர்மனியிலோ நோர்வேயிலோ பிள்ளைகள் உள்ள பெற்றோரைக் காணலாம். அப்பிள்ளைகளிற் சிலர் அந்நாட்டவரையே மணம் முடித்துள்ளனர். பேரப்பிள்ளைகள் அந்நாட்டு மொழியிலேயே சிரிக்கவும் அழவும் பழகியிருக்கின்றனர். மார்கழி பிறந்ததும் இங்கிருந்து தாய் தந்தையர் விமானம் ஏறுகின்றனர். படிக்கப் போன மாணவனையும் விடுமுறைக்கு உடன்படிக்கும் நண்பன் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான்.

இவர்கள் அங்கே காணும் நத்தார், எமது நத்தாரைப் போல் இருப்பதில்லை. “இதுவும் ஒரு நத்தாரா?” என்ற கேள்வி மனதில் எழுகிறது, சிலவேளை வாய்விட்டும் வந்துவிடுகிறது. பல ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த சில வாரங்கள் அந்த ஒரு சொல்லாலேயே கசந்து போகலாம். தமிழ் விளங்காத மருமகளுக்கும் மாமியாரின் முகம் விளங்கும். பேரப்பிள்ளை தாத்தாவையும் பாட்டியையும் எவ்வாறு நினைவில் வைத்திருக்கப் போகிறது என்பதும் அந்தச் சில வாரங்களிலேயே தங்கியிருக்கிறது. ஆகவே, விருந்தாளியாகத் திருநாளைக் கொண்டாடுவது எப்படி என்று புறப்படுமுன்னரே சிந்தித்துக்கொள்வது நன்று.

வேற்றுமை எங்கே?

எமக்கு நத்தார் என்றால் நள்ளிரவுத் திருப்பலி, பாலன் குடில், புதுச்சட்டை, வெடிச்சத்தம், விடிந்ததும் அயலிலுள்ள சைவ வீடுகளுக்கும் போகும் பலகாரத் தட்டு. ஜேர்மனியிலும் நோர்வேயிலும் மார்கழி 24ஆந் திகதி மாலையே திருநாளின் உச்சம். பிற்பகலிலேயே வழிபாடு முடிந்துவிடுவதுண்டு. பின்னர் வீட்டுக் கதவை மூடிக்கொண்டு குடும்பமாக உண்பார்கள், பரிசுகளைப் பிரிப்பார்கள். அயலவர் வருவதில்லை, தெருவிலும் ஆளரவம் இராது. ஒஸ்லோவில் அந்நாட்களில் பிற்பகல் மூன்றரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எம் முற்றத்து வெளிச்சத்திலும் ஆரவாரத்திலும் பழகியவருக்கு இது துக்க வீடு போலத் தோன்றலாம்.

உணவும் அப்படியே. ஜேர்மனியில் பல வீடுகளில் அன்றிரவு உருளைக்கிழங்குச் சலாதும் சொசேச்சும் மட்டுமே மேசைக்கு வரும். பெரிய விருந்து மறுநாளுக்குரியது. இதை அறியாதவர், “எம்மை மதிக்கவில்லை” என்று மனம் நோவார்.

வழக்கத்தினுள் இருக்கும் பொருள்

வழக்கம் என்பது ஒரு பாத்திரம். அதன் வடிவத்தைப் பார்த்து முகம் சுளிக்குமுன் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும்.

போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் 24ஆந் திகதி மாலை முதல் நட்சத்திரம் தெரியும்வரை உணவில் கை வைப்பதில்லை. பெத்லகேமின் தீவனத் தொட்டியை நினைந்து மேசை விரிப்பின் கீழ் வைக்கோல் வைப்பார்கள். ஒப்வாத்தெக் எனப்படும் மெல்லிய அப்பத்தை ஒருவர் மற்றவரோடு பிட்டு உண்டு, வாழ்த்துக் கூறி, மனத்தாங்கல்களை மன்னித்துக்கொள்வார்கள். இது நற்கருணை அன்று, சமாதானத்தின் அடையாளம். பின்னர் இறைச்சி சேராத உணவுகள் வரும். மேசையில் ஒரு கோப்பையும் ஓர் இருக்கையும் மேலதிகமாக இருக்கும். எதிர்பாராமல் கதவைத் தட்டும் அந்நியனுக்காக அவை வைக்கப்படுகின்றன. அந்த வீட்டுக்குப் போகும் யாழ்ப்பாண மாணவன், தான் வருமுன்னரே தனக்கென ஓர் இடம் அங்கே இருந்திருக்கிறது என்பதை உணர்வான்.

பிரான்சில் மூன்று அரசர் திருநாளையொட்டி ஒரு பணியாரத்தை வெட்டிப் பகிர்வார்கள். அதனுள் மறைத்து வைத்த சிறு பொம்மை யார் துண்டில் அகப்படுகிறதோ அவரே அன்றைய அரசர். விளையாட்டுத்தான். ஆயினும் ஏழைக்கென ஒரு துண்டை ஒதுக்கி வைப்பது அதிலுள்ள பழைய வழக்கம். ஜேர்மனியில் அதே நாட்களில் சிறுவர் அரசர் வேடமிட்டு வீடு வீடாகப் பாடிச் சென்று, கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக என்று பொருள்படும் எழுத்துக்களைக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள். பிற நாடுகளிலுள்ள வறிய பிள்ளைகளுக்காகப் பணமும் சேர்ப்பார்கள்.

எமது வழக்கம் வந்த வழி

“எம் முன்னோர் வழக்கமே சரியானது” என்று நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. ‘நத்தால்’ என்பது அவர்கள் மொழியில் பிறப்பு விழாவைக் குறிக்கும். பாலன் குடில், 1223இல் இத்தாலியின் கிறேச்சியோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த காட்சியை முன்மாதிரியாகக் கொண்டது. திருவருகைக் காலத்தில் நாம் மெழுகுதிரி ஏற்றும் மலர்வளையத்தை 1839இல் ஹம்பேர்க் நகரில் முதலில் அமைத்தவர் யொகான் விக்கேர்ன் என்னும் புரட்டஸ்தாந்து போதகர். நத்தார் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் அதைச் செய்தார். இவையெல்லாம் எம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, வீட்டுக்காரராகவே ஆகிவிட்டவை.

சில்லாலை தரும் பாடம்

விருந்தினரின் பண்பையும் விருந்தளிப்போரின் பண்பையும் எம் மண்ணே ஒருமுறை உலகுக்குக் காட்டியிருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தார். அவரது தாய்மொழி கொங்கணி. ஏழைக் கூலியாள் போல உடுத்து, கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்றார். அந்தச் செபமாலையை இனங்கண்டவர்கள் அவருக்குக் கதவைத் திறந்தார்கள். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துப் பேணினார்கள். அவரோ எம் தமிழைக் கற்றார்; எம் மக்கள் உண்டதை உண்டார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் திருப்பலிக்காக வீடுகளில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. சிலர் சிறையிலேயே உயிர் நீத்தனர். வந்தவர் தம் விசுவாசத்தை மறைத்து எம்மவராகவில்லை. எம்மை இகழ்ந்து தம் விசுவாசத்தைக் காக்கவுமில்லை. 2015 தை 14ஆந் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். பிறநாட்டு வீட்டுக்குச் செல்லும் எவருக்கும் இவரைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை.

கோவிலில்லாத நத்தார்

இனி, கடினமான ஒரு நிலை. சில வீடுகளில் மரம் இருக்கும், பரிசு இருக்கும், விருந்து இருக்கும். கோவில் மட்டும் இராது. சம்பந்தி வீட்டார் கடவுளை நம்பாதவராக இருக்கலாம். எம் பிள்ளையே பூசைக்குப் போவதை விட்டிருக்கலாம். பெற்றோருக்கு இது நெஞ்சில் முள்.

அங்கே சண்டை பிடித்தால் திருநாளும் போகும், பிள்ளையும் தூரப் போகும். வாய் மூடித் தானும் போகாதிருந்தால் சாட்சியம் போகும். அருகிலுள்ள ஆலயத்தின் பூசை நேரத்தை முன்னரே விசாரித்து வையுங்கள். “நான் போய் வருகிறேன், விரும்பினால் நீங்களும் வாருங்கள்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் பெற்றோரின் சம்மதத்தோடு கூட்டிச் செல்லுங்கள். ஒருவரும் வராவிட்டாலும், பனியில் தனியே நடந்து போய்ப் பூசை கண்டு முகமலர்ச்சியோடு திரும்பும் பாட்டியை அந்தப் பிள்ளை மறக்காது.

நடைமுறையில்

1. வைத்ததை உண்ணுங்கள். தம் சீடரை அனுப்பியபோது ஆண்டவர் இதையே கற்பித்தார் (லூக்கா 10). ஆகாத உணவையும் மதுவையும் நன்றியோடு மறுக்கலாம்.

2. எம் வீடுகளில் “வேண்டாம்” என்றால் மூன்று தரம் வற்புறுத்துவோம். அங்கே ஒருமுறை சொன்னாலே உண்மையென்று எடுத்துக்கொள்வார்கள். பசித்தால் கூச்சமின்றிக் கேளுங்கள்.

3. பரிசு தந்தால் அவர்கள் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து மகிழ்ச்சியைத் தெரிவியுங்கள். எம்மைப் போல் ஒரு பக்கம் வைத்துவிட்டால் பிடிக்கவில்லையோ என்று எண்ணுவார்கள்.

4. ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான்.

5. எம் வழக்கத்தையும் கொண்டு செல்லுங்கள். பயற்றம் பணியாரம் பல நாள் கெடாது. அதை ஏன் சுடுகிறோம், அயலாருக்கு ஏன் அனுப்புகிறோம் என்று சொல்லிக் கொடுங்கள்.

அவர்கள் இங்கு வரும்போது நாமே விருந்தளிப்போர். பேரப்பிள்ளையின் கொச்சைத் தமிழைக் கேலி செய்யாதீர்கள். பூசையில் எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று வெள்ளைக்கார மருமகளுக்கு அன்போடு காட்டுங்கள். காரம் குறைத்து ஒரு கறி வையுங்கள்.

முதல் நத்தாரில் மரியாளும் சூசையும் சொந்த வீட்டில் இல்லை. பின்னர் எகிப்திலும் அந்நியராகவே வாழ்ந்தார்கள். பாலன் இயேசு விருந்தாளியாகவே இவ்வுலகில் பிறந்தார். அவரைத் தேடிப் பிறநாட்டு வீட்டுக்குள் நுழைபவர், எந்த மொழியிலும் அவரைக் கண்டுகொள்வார்.

குடும்பமாகச் சிந்திக்க

– எம் வீட்டு நத்தார் வழக்கங்களில் எவற்றின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

– எமக்குப் பழக்கமில்லாத ஒரு வழக்கத்தைக் கண்டால் முதலில் கேட்கிறோமா, முதலில் தீர்ப்பிடுகிறோமா?

– இவ்வாண்டு எம் மேசையில் யாருக்கு ஓர் இடம் ஒதுக்கப் போகிறோம்?