பூ வைக்கும் இடம்

அன்புள்ள அம்மணிக்கு,

வால்பாறையிலிருந்து நீ எழுதிய கட்டுரையை நேற்று ராத்திரி இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது இருந்த சந்தோஷம் இரண்டாம் முறை கோபமாகிவிட்டது. கோபத்தை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் ஒற்றைத் தலைவலி. பிடரி நரம்புக்கு இரண்டு பக்கமும் லிக்னோகெய்ன் ஊசி போட்டாய். 20 நிமிடத்தில் வலி எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியது, சிரித்த முகத்தோடு லைன் வீட்டுக்குப் போனார் என்று எழுதிக் கட்டுரையை முடித்துவிட்டாய். அப்புறம் என்ன ஆயிற்று? அடுத்த வாரம்? அடுத்த மாதம்? லிக்னோகெய்னின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டுப்போகும். ஆனால் சிலருக்கு வலி மட்டும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் திரும்பி வருவதில்லை. இந்த ஊசியைப் பற்றிப் பேச வேண்டியதே அதைத்தான். சரியாக அந்த இடத்தில் நீ பேனாவை மூடிவிட்டாய்.

2015-ல் வந்த இரண்டு ஆய்வுகளை நீயும் படித்திருப்பாய். மேயோ கிளினிக்காரர்கள் ஒரு குழுவுக்கு இதேபோல் மரக்கவைக்கிற புபிவகெய்னும் ஸ்டீராய்டும் கலந்து போட்டார்கள். இன்னொரு குழுவுக்குப் பெரும்பாலும் உப்புநீர். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. துருக்கியில் லெவெண்ட் இனான் குழு நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் புபிவகெய்னை மட்டும் வாரம் ஒன்றாக நான்கு வாரம் போட்டது. உப்புநீர் போட்டவர்களைவிட அவர்களுக்கு வலி நாட்கள் நன்றாகவே குறைந்தன. முடிவுகள் எதிரெதிராக இருக்கட்டும். இரண்டு இடத்திலும் எண்ணியது நாட்களை.

உன் நோயாளியால் நாட்களை எண்ண முடியாது என்று நினைத்தாயா? எந்த லைன் வீட்டுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பார். சுவரில் மளிகைக் கடைக்காரரோ நகைக் கடைக்காரரோ கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். பால் வாங்காத நாள், குழுத் தவணை கட்டிய நாள், சிலிண்டர் வந்த தேதி, வீட்டுக்குத் தூரமான நாள், எல்லாம் அதில் பேனாக் குறியாக இருக்கும். நம் பெண்கள் பிறந்ததிலிருந்து கணக்கு வைக்கிறவர்கள். அதே கட்டத்தில் மண்டையிடி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி, தலைக்குக் குளித்த நாளுக்கு ஒரு வட்டம் போடச் சொல். தமிழ் படிக்கத் தெரியாத ஜார்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளிக்கும் கோடும் புள்ளியும் போட வரும். முப்பது வருஷமாக நான் கேட்டு வாங்கிய மருத்துவ ஆவணம் அந்தக் காலண்டர்தான். ஸ்கேன் படத்தைவிட அதை நம்பியிருக்கிறேன்.

வட்டம் எதற்கென்று கேட்பாய். மும்பை டாக்டர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி கிளம்புகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் எழுதினார். மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. மாசக்கணக்கில் மழை விடாத உன் மலையில் ஈரத் தலையைக் காயவைக்க நேரமில்லாமல் கொண்டை போட்டு, கோணி கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களிடம் நீ இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

புள்ளிதான் இன்னும் முக்கியம். உன் கட்டுரையில் அந்தப் பெண் மாதத்துக்கு எத்தனை வலி மாத்திரை விழுங்கினார் என்று ஒரு வரி இல்லை. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், கலப்பு மாத்திரையானால் 10 நாள், அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சம்பள நாள் போய்விடுமே என்று பெட்டிக்கடையில் வாங்கிக் காலையிலேயே வாயில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தியதும் முதல் சில நாள் வலி முன்னைவிட மோசமாக வரும். அந்த நாட்களைக் கடக்கத்தான் உன் ஊசி. நீ ஊசியைப் போட்டுவிட்டு, மாத்திரை அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய்.

இன்னொன்று. லிக்னோகெய்னோடு ட்ரையம்சினலோன் 40 மில்லிகிராம் கலந்தேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். எதற்கு? கொத்துத் தலைவலியென்றால் ஸ்டீராய்டுக்கு நல்ல ஆதாரம் உண்டு, நானும் கலந்திருக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கு? 2008-ல் அவி அஷ்கெனாசி குழு இதே ட்ரையம்சினலோனைச் சேர்த்தும் சேர்க்காமலும் போட்டுப் பார்த்தது. சேர்த்ததால் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை.

நான் இதில் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனைமலையில் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் நானும் கலந்துதான் போட்டேன். கலப்பதே கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண் ஆறு வாரம் கழித்து வந்தார். வலி பரவாயில்லை என்றார். ஊசி போட்ட இடத்தைக் காட்டச் சொன்னேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கத் தயங்கினார். அவிழ்த்ததும் பிடரியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி கொட்டி, தோல் குழிந்து வெளுத்திருந்தது. “பூ வெச்சா நிக்க மாட்டேங்குதுங்க” என்றார். புகாராகச் சொல்லவில்லை, ஏதோ தன் தலையில் குறை இருப்பதுபோலச் சொன்னார். அம்மணி, நாம் ஊசி குத்துகிற இடமும் நம் பெண்கள் பூ வைக்கிற இடமும் ஒன்றுதான். அது எனக்கு அதுவரை தோன்றவில்லை. முடி திரும்ப முளைக்க மாசக்கணக்காயிற்று. அதுவரை ஒவ்வொரு முறை அவர் வந்தபோதும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒற்றைத் தலைவலிக்கு வெறும் லிக்னோகெய்ன்தான், 2 சதவீதம், பக்கத்துக்கு இரண்டு மில்லி. இருபக்கமும் சேர்ந்து 80 மில்லிகிராம். தையல் போடுகிற தட்டில் கிடக்கும் அதே சிறிய பாட்டில்.

கோபம் தீர்ந்தது. இப்போது சந்தோஷம்.

பிடரியில் போட்ட ஊசி நெற்றிப்பொட்டு வலியை எப்படி அடக்கும் என்பதை நான் இத்தனை வருஷம் மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். நீ ஒரே வரியில் சொல்லிவிட்டாய்: கழுத்து நரம்பும் முக நரம்பும் இரண்டு டிவிஷன் கொழுந்து மாதிரி, ஒரே தராசில்தான் எடை ஏறுகிறது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எந்தத் தோட்டத்துப் பெண்ணும் இதைக் கேட்டதும் தலையாட்டுவார்.

அந்தப் பெண்ணைக் கீழே அனுப்பாமல் அங்கேயே ஊசி போட்டாயே, அதற்காக உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குச் சும்மாவே பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு வளைவிலும் குமட்டி, பைக்குள் வாந்தியெடுத்து, பொள்ளாச்சியில் என் முன்னால் வந்து உட்காரும்போது பாதி உயிர் இருக்காது. அப்படி வந்தவர்களை எவ்வளவோ பேரைப் பார்த்தேன். மேலேயே ஒரு டாக்டர், ஒரு சிரிஞ்சு, ஒரு சிறிய பாட்டில் போதும் என்று அப்போதே பலரிடம் சொன்னேன். நீ செய்துவிட்டாய்.

அந்தப் பெண்ணைத் திரும்ப வரச் சொல். வரும்போது காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துவரச் சொல், போன மாதத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம் என்றும் சொல். பிடரியைத் தொட்டுப் பார். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் அட்டகட்டி வழியாக ஒருநாள் மேலே வருகிறேன். எனக்குக் காட்ட மூன்று மாதத் தாளாவது உன் மேஜையில் இருக்கட்டும்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து உன் பழைய டாக்டர்