முந்திரித்தோப்பில் சுவாஹிலி: பெயர் வகுப்புகள் பழகப் பயனுள்ள குறிப்புகள்

பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கத்து முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்கக் கொட்டையும் வந்து இறங்குகிறது. தான்சானியாவின் தெற்கே உள்ள ம்ட்வாரா, நம்மூரைப் போலவே முந்திரி விளையும் சீமை. சான்சிபாரில் சென்னை ஐஐடி 2023-இல் தன் வளாகத்தைத் தொடங்கியது. தொழிலுக்கோ படிப்புக்கோ அங்கே போகிறவர்கள் அங்கு பேசும் சுவாஹிலியில் மிரள்வது ஓர் இடத்தில்தான்: பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து நிற்கும், வகுப்புக்கு ஏற்ப வினை, அடைமொழி, சுட்டு, எண் எல்லாம் மாறும். திணையும் பாலும் பார்த்து வினையை முடிக்கிற நமக்கு இது கைக்கு எட்டுவதுதான். வீட்டில் இருந்தபடியே பழகலாம்.

1. அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். 'அக்கா வந்தாள், மாடு வந்தது' என்று வாக்கியமாகக் கேட்டுத்தான் நம் பிள்ளைகள் தமிழ் பேசின. உயர்திணை, அஃறிணை என்ற பெயர்களைப் பள்ளிக்கூடத்தில்தான் கேட்டன. நோட்டில் ஒரு பெயரை எழுதினால், பக்கத்திலேயே ஒரு வினையையும் சேர்த்து, ஒருமை பன்மை இரண்டிலும் எழுதுங்கள். நமக்கு அடையாளம் வினையின் கடைசியில் வரும். அவர்களுக்கு முதலில் வரும்.

2. தொடங்க நல்ல இடம் முந்திரித்தோப்பு. ஒரே மரம் மூன்று வகுப்புகளைக் காட்டிவிடும். மரம் ம்க்கொரோஷோ, பன்மை மிக்கொரோஷோ. பழம் பீபோ, பன்மை மபீபோ (ப-வை 'பஸ்' என்பதில் வருவதுபோல் சொல்லுங்கள்). கொட்டை கொரோஷோ, பன்மையிலும் கொரோஷோதான். 'விழுந்துவிட்டது' என்பதைச் சேர்த்தால் வகுப்பு தெளிவாகத் தெரியும்:

ம்க்கொரோஷோ உ-மெ-அங்கூக்கா, மிக்கொரோஷோ இ-மெ-அங்கூக்கா.
பீபோ லி-மெ-அங்கூக்கா, மபீபோ ய-மெ-அங்கூக்கா.
கொரோஷோ இ-மெ-அங்கூக்கா, கொரோஷோ ஸி-மெ-அங்கூக்கா.

கொட்டை ஒன்றா பலவா என்பதைப் பெயர் சொல்லாது, வினைதான் சொல்லும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியபோது இந்த வட்டாரத்தில் சாய்ந்த முந்திரியையும் பலாவையும் பார்த்தவர்களுக்கு 'மிக்கொரோஷோ இமெஅங்கூக்கா' என்ற வாக்கியம் மறக்காது. மனத்தைத் தொடும் வாக்கியத்தில் ஏறிய இலக்கணம் நிலைக்கும் என்று நம்புகிறேன்.

3. தோப்பிலிருந்து மற்ற மரங்களுக்குப் போங்கள். பலா மரம் ம்ஃபெனேஸி, பழம் ஃபெனேஸி, பழங்கள் மஃபெனேஸி. மா மரம் ம்வெம்பே, பழம் எம்பே, பழங்கள் மஎம்பே. தென்னை ம்நாஸி, தேங்காய் நாஸி. இது கொரோஷோ மாதிரி பன்மையில் மாறாது. மரம் என்றால் ம்-மி வகுப்பு என்று துணிந்து வைத்துக்கொள்ளலாம். பழம்தான் இரண்டு வகுப்பாகப் பிரியும்.

4. அடுப்படியில் கி-வி வகுப்பு நிறைந்திருக்கிறது. கத்தி கீஸு, கத்திகள் வீஸு. கரண்டி கிஜீக்கோ, விஜீக்கோ. கூடை கிக்காப்பு, விக்காப்பு. பெயரின் முதலெழுத்தே வினையிலும் வருவதால் பிழைக்கு இடம் குறைவு. முதல் வாரம் இதை மட்டும் பழகினாலும் போதும்.

5. பொருள்மேல் சீட்டு ஒட்டுகிறவர்கள் பெயரை மட்டும் எழுதாமல் 'இது' என்ற சுட்டையும் சேர்த்து எழுதுங்கள்: கீஸு ஹீக்கி, வீஸு ஹீவி. தட்டுக்கு ஸஹானி ஹீ, தட்டுகளுக்கு ஸஹானி ஹீஸி. மரத்துக்கு ஹூ, மரங்களுக்கு ஹீ. தட்டு ஒன்றுக்கும் மரங்கள் பலவற்றுக்கும் ஒரே 'ஹீ' வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. நாம் அதிகம் தவறுவது அடைமொழியில். தமிழில் பெரிய பையன், பெரிய மரம், பெரிய மரங்கள், 'பெரிய' அசையாது. சுவாஹிலியில் பெரிய கத்தி கீஸு கிக்கூப்வா, பெரிய கத்திகள் வீஸு விக்கூப்வா, பெரிய மரங்கள் மீட்டி மிக்கூப்வா. ஆரம்பத்தில் அரபியிலிருந்து வந்த மாறாத அடைமொழிகளை அதிகம் பயன்படுத்துங்கள்: ஸாஃபி (சுத்தமான), ராஹிஸி (எளிதான, மலிவான). நாக்கு பழகிய பிறகு மற்றவற்றுக்கு வரலாம்.

7. மாட்டைப் பற்றிப் பேசும்போது கவனம். நமக்கு மாடு அஃறிணை. அவர்களுக்கோ உயிருள்ள விலங்கெல்லாம் வினையில் மனிதரோடு சேரும். பிள்ளை வந்தது ம்டோட்டோ அ-மெ-கூஜா. மாடு வந்தது ஙோம்பே அ-மெ-கூஜா. பன்மையில் இரண்டுக்கும் வ-மெ-கூஜா. ஆடு, நாய், பூனைக்கும் இதே விதி. சொல்லின் முதலில் ங வருவது ஆங்கிலேயருக்குக் கடினம். நமக்கு 'அங்ஙனம்' இருக்கிறது.

8. அவன், அவள் என்ற பிரிவு அங்கே இல்லை. 'அமெகூஜா' என்றால் வந்தான், வந்தாள் இரண்டும்தான். இந்தச் சுமை குறைவதை நினைத்து மகிழுங்கள்.

9. பேச்சில் 'பத்து மரம் விழுந்துச்சு' என்று ஒருமையில் முடிக்கிறோம். அந்தப் பழக்கத்தைச் சுவாஹிலிக்குக் கொண்டுபோகக் கூடாது. வாய் திறப்பதற்கு முன் 'மரங்கள் விழுந்தன' என்ற எழுத்துத் தமிழை மனத்தில் ஓட்டிக்கொள்ளுங்கள். பன்மை தானே வந்துவிடும்.

10. எண்களை நிலக்கடலையை வைத்து எண்ணாமல் வகை வகையான பொருள்களை வைத்து எண்ணுங்கள். இரண்டு பிள்ளைகள் வடோட்டோ வவீலி, இரண்டு கத்திகள் வீஸு விவீலி, இரண்டு பலா மஃபெனேஸி மவீலி, இரண்டு முந்திரிக்கொட்டை கொரோஷோ ம்பீலி. 1 முதல் 5 வரையும் 8-ம் மாறும். 6, 7, 9, 10 மாறா.

11. நெல் ம்பூங்கா, அரிசி ம்சேலே, சோறு வாலி. நம்மைப் போலவே மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்; மூன்றுக்கும் வினையில் வருவது 'உ' ஒன்றே.

12. பாடநூல்கள் வகுப்புகளை 1, 2, 3 என்று எண்ணிட்டுச் சொல்லும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர் தெருவில் யாராவது இருந்தால், ஒரு மாலை உட்கார்ந்து அந்த எண்களை விளக்கச் சொல்லுங்கள். வாக்கியங்கள் வாயில் ஏறிய பிறகு கேட்டால் பத்து நிமிடத்தில் புரியும்.

13. பிபிசி சுவாஹிலி செய்தியை நாள்தோறும் சிறிது நேரம் கேளுங்கள். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வினையின் முதல் அசையை மட்டும் பிடித்து அ, வ, லி, ய, ஸி என்று தாளில் குறித்து, அது எந்தப் பெயரோடு சேர்ந்தது என்று பின்னோக்கித் தேடுங்கள்.