பரிசம் யார் கையிலிருந்து போனது?

அன்புள்ள தம்பி பாஸ்டருக்கு,

ரெம்பாவ் தோட்டத்துக் கல்யாணத்தில் செய்தி கொடுக்கப் போகிறேன், வேதாகமக் காலத்துத் திருமண முறைகளைப் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பேசுங்கள். யூடியூபில் சுற்றும் கதையை மட்டும் அப்படியே எடுத்துப் பிரசங்கிக்காதீர்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் கிண்ணத்தை நீட்டுவான், அவள் குடித்தால் சம்மதம். பிறகு தகப்பன் வீட்டில் அறை கட்டப் போவான். திரும்பும் நாள் தகப்பனுக்கு மட்டுமே தெரியும். கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. இரண்டாம் வருகையோடு கச்சிதமாகப் பொருந்தியும் விடுகிறது. ஆனால் இப்படி ஒரு சடங்கை முதலிலிருந்து கடைசிவரை வேதத்தில் எங்கே காட்டுவீர்கள்?

வேதத்தில் நிச்சயமாக இருப்பதே நமக்குப் போதும். நியமிக்கப்பட்ட பெண் மனைவிக்குச் சமம். அதனால்தான் மரியாளோடு கூடிவருமுன்னே, அவளை இரகசியமாய்த் தள்ளிவிட யோசேப்பு யோசிக்க வேண்டியிருந்தது. விருந்து ஏழு நாள். லேயாளுக்கும் ஏழு, சிம்சோனுக்கும் ஏழு. கன்னிகைகளின் உவமையில் மணவாளன் தாமதிக்கிறான், தீவட்டிக்கு எண்ணெய் வேண்டியிருக்கிறது.

நீங்கள் நின்று பேச வேண்டிய இடம் பரிசம். ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்கு நகையும் வஸ்திரமும் கொடுத்தான், அண்ணனுக்கும் தாய்க்கும் விலையுயர்ந்த பொருள்களைக் கொடுத்தான். தீனாளுக்காக எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றான் சீகேம். கையில் காசில்லாத யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்தான், ஏமாற்றப்பட்டு இன்னும் ஏழு வருஷம் மேய்த்தான். பரிசம் கொடுக்கும் கை மாப்பிள்ளையுடையது. பெண்ணைப் பெற்றவர்களும் சில நேரம் கொடுத்தார்கள். லாபான் வேலைக்காரியைக் கொடுத்தான், காலேப் நீரூற்றைக் கொடுத்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து இவ்வளவு வேண்டும் என்று பேரம் பேசும் காட்சி வேதத்தில் இல்லை.

இதைத் தோட்டத்து ஆட்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்ட வந்த பாட்டன் பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டுச் சமூகங்கள் பலவற்றில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுத்தான் பெண் எடுத்தார்கள். வரதட்சணை பின்னால் பரவியது. சபைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்துக் கம்பத்தைப் பாருங்கள். மலாய்க்காரர்களிடம் மாஸ் காவின் என்ற மணக்கொடையும் ஹந்தாரான் பணமும் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வருகின்றன. அதோடு ரெம்பாவில் அடாட் பெர்பாதி மரபே இருக்கிறது: பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மரபுப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவான். புருஷன் தன் தகப்பனையும் தாயையும் விட்டுவிட வேண்டும் என்று ஆதியாகமம் சொல்வதை ரெம்பாவ்காரனுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. நடைமுறையில் ரெபெக்காள்தான் வீட்டைவிட்டுப் போனாள் என்று யாராவது எழுந்து சொல்வார். உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள். யாக்கோபு மாமனார் வீட்டில் இருபது வருஷம் கிடந்ததையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

இங்கிருந்து எபேசியர் ஐந்தாம் அதிகாரத்துக்கு வாருங்கள். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தார் என்று பவுல் எழுதியபோது, வேதத்தில் இந்தப் பரிசக் கதைகளை அறிந்திருந்தவர்களுக்கு அது உடனே உறைத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். வரதட்சணை வாங்கிய மாப்பிள்ளையை முன்னால் நிறுத்திவைத்து அந்த வசனத்தை எப்படி வாசிப்பீர்கள்? கல்யாணத்தன்று கேட்டால் சண்டைதான் வரும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள்.

அதற்காகப் பெண்ணை விலைக்கு வாங்கின மாதிரியும் பேசிவிடக் கூடாது. அப்பா எங்களை விற்றுப் பணத்தையும் தின்றுவிட்டார் என்று லாபானின் மகள்களே பொருமுகிறார்கள். ரெபெக்காளையோ கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்டார்கள். அவள் வாயாலேயே பதில் வந்தது. நீங்களும் பெண்ணைத் தனியாக ஒருமுறை கேளுங்கள், அம்மா பக்கத்தில் இல்லாதபோது.

தாலி வேதத்தில் உண்டா என்று கேட்க ஒரு அண்ணன் எல்லாச் சபையிலும் இருப்பார். மோதிரம் மாற்றுவதும்தான் இல்லை என்று சொல்லுங்கள். 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் என்ற பாப்பரசர் தூதர் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத்தான் தடுத்தார். சிலுவைத் தாலி இன்றும் நம் பெண்கள் கழுத்தில் இருக்கிறது. இதற்குமேல் அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஒரே ஒரு வேலையை மறந்துவிடாதீர்கள்: திருமணப் பதிவு. ரூத்தை மனைவியாகக் கொள்ளப் போவாஸ் ஊர்வாசலில் பத்து மூப்பரைச் சாட்சியாக உட்காரவைத்தான். சவக்கடல் அருகே நகால் ஹேவெர் குகையில் 1961இல் கிடைத்த ஆவணக் கட்டுக்குள், பாபதா என்ற யூதப் பெண் தன் திருமணப் பத்திரத்தை மற்றப் பத்திரங்களோடு சுருட்டி வைத்திருந்தாள். அந்தக் குகைக்கு ஓடி ஒளிந்தபோதும் அதை விட்டுவிட்டு வரவில்லை. நம் பக்கத்தில் கோயிலில் தாலி கட்டி, விருந்து போட்டு, பதிவு செய்யாமல் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிமல்லாதார் திருமணத்துக்கு ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) பதிவு கட்டாயம். பதிவில்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைப் பின்பற்றும். அவள் குடியுரிமை இல்லாதவளாக இருந்தால் அந்தப் பிள்ளை பள்ளியில் சேரும்போதே அலைச்சல் தொடங்கும். ஆகவே சபையில் திருமண அறிவிப்பு ஓலையை வாசிக்கும் முன்பே ஜேபிஎன் தாளைக் கேட்டு வாங்குங்கள். திருமணத்தை நடத்திவைக்கும் துணைப் பதிவாளராக உங்களுக்கு நியமனம் இன்னும் வரவில்லையென்றால், நியமனம் பெற்ற மூத்த போதகர் ஒருவரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். குறிப்பை எழுதியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற போதகர் அண்ணன்